தூண்டிற்கோலும் நூலுருளையும்

சேலம் வட்டாரத்து மலைகளினின்று இழிந்துவரும் வசிட்ட நதியும் சுவேத நதியும் ஒன்றுகூடி வெள்ளாறு என்னும் பெயர் பெறுகின்றன. அவ்வாறு கடலூர் மாவட்டத்துள் புகுந்தபின், அதன் கரையில் வைத்தியநாதர் கோயிலைச் சூழ்ந்து அமைந்த ஊர் திட்டக்குடி. அதன் அருகே கீழச்செருவாயில் பரந்து கிடப்பது வெலிங்டன் ஏரி. 1913 ஆம் ஆண்டு தொடங்கி 1923 ஆம் ஆண்டு முடிவுற்ற இவ்வேரிக்குத் தொழுதூர் அணைக்கட்டிலிருந்து வெள்ளாற்று நீர் கால்வாய் வழியாக வருகின்றது. 2,500 மில்லியன் கன அடிக்கு மேற்பட்ட நீரைத் தேக்குமாறு இஃது அமைக்கப்பெற்றது. இதன் பெயரைக் கேட்போர், வாட்டர்லூப் போரில் வென்ற வெலிங்டனை நினைப்பர். உண்மையில் அக்காலத்துச் சென்னை ஆளுநராயிருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயரே மக்கள் நாவில் புரண்டு வெலிங்டன் ஆயிற்று.

இத்தகைய ஏரியின் வாய்க்கால் ஓரங்களில் மாலைப் பொழுதில் சென்று பார்ப்போமாயின், சிறுவர் சிலர் மூங்கிற் கழியுடன் அமர்ந்திருத்தலைக் காணலாம். கழியின் நுனியில் ஒரு முழ நரம்பு; நரம்பில் மயிலிறகுத் தண்டினாலோ நெட்டியினாலோ ஆன தக்கை; அதன்கீழ் சிறு ஈயக்குண்டு; முடிவில் மண்புழு கோத்த முள். இவ்வளவே அவர்தம் கருவி. சங்க நூல்களிலேயே தூண்டிலைப்பற்றிய குறிப்புகள் உள்ளமையால், இதன் பழைமையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் இதன் அமைப்பை எளிதென்று எண்ணி ஒதுக்குதல் தகாது. கழி கையின் நீட்சி. நரம்பு கழியின் நீட்சி. தக்கை நீருக்குள் நிகழ்வதைக் கண்ணுக்கு அறிவிக்கும் தூதன். கழி விறைப்பாக இருப்பின் நரம்பு அறும். மிகத் துவளுமாயின் முள் மீனின் வாயில் ஏறாது. ஒன்றற்கொன்று ஏற்ற அளவில் இவை அமைந்தால்தான் கெண்டையும் கெளுத்தியும் கரையேறும்.

இக்கருவிக்கு ஒரு குறை உண்டு. கழியின் நீளமும் நரம்பின் நீளமும் சேர்ந்த தொலைவுக்கு அப்பால் அது செல்லாது. பெரிய மீன் பற்றி ஓடத் தொடங்கினால் விட்டுக்கொடுப்பதற்கு நூல் இல்லை. அந்நிலையில் மூன்றில் ஒன்று நிகழும்: கழி முறியும், அல்லது நரம்பு அறும், அல்லது முள் நிமிரும். இவற்றுள் நரம்பு அறுதலே பெரும்பாலும் நிகழ்வது. அறுந்த நரம்பையும் முள்ளையும் வாயில் சுமந்துகொண்டு மீன் போய்விடுகிறது. மீன் தப்பியதே என்று வருந்துவோர் பலர்; அம்மீனின் நிலை என்னவாகும் என்று எண்ணுவோர் சிலரே. முள் தொண்டையில் ஆழ இறங்கியிருப்பின் அது இரை கொள்ள இயலாமல் மெலிந்து மடியவும் கூடும். ஆகவே, மீனுக்கேற்ற கருவியைத் தெரிந்தெடுத்தல் மீன் பிடிப்பவனின் வசதிக்காக மட்டும் அன்று என்பதை முதலில் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

நம் ஏரி குளங்களில் தூண்டில்காரரின் திறமையைச் சோதிப்பது விரால். நீண்ட உருண்டையான உடலும் பாம்பினை ஒத்த தலையும் உடைய இம்மீன், கோரைப்புல்லும் ஆம்பலும் மண்டிய இடங்களில் அசைவின்றிப் பதுங்கிக் கிடக்கும். தவளையோ சிறு மீனோ அருகில் வருங்கால் திடுமெனப் பாய்ந்து கவ்வும். கவ்விய கணமே பாசிக்குள் திரும்பி நுழைந்துவிடும். இதன் தலையில் செவுளுக்கு மேலே காற்றை நேராக உட்கொள்ளும் உறுப்பு ஒன்று உண்டு. ஆதலால் அது இடையிடையே நீர்மட்டத்திற்கு வந்து மூச்சு வாங்கியே தீரவேண்டும். மேலே வரவொட்டாமல் தடுத்தால் நீரிலேயே மூச்சு முட்டி இறந்துபடும் மீன் அது. சந்தையில் சிறிதளவு நீருள்ள பானையில் விரால் நெடுநேரம் உயிரோடிருப்பதும் இவ்வுறுப்பினாலேயே ஆம்.

அமெரிக்க நாட்டு ஏரிகளில் ‘பாஸ்’ எனப்படும் மீன் ஒன்று உண்டு. விராலுக்கும் அதற்கும் உறவு ஏதும் இல்லை. எனினும் பதுங்கியிருந்து பாயும் குணத்திலும், பாசியிலும் மூழ்கிய மரக்கட்டைகளிலும் தங்கும் வழக்கத்திலும், குஞ்சுகளைக் காக்கும் இயல்பிலும் அவை இரண்டும் வியக்கத்தக்கவாறு ஒத்திருக்கின்றன. ஆகவேதான் பாஸ் மீனுக்கென அந்நாட்டார் உருவாக்கிய கோலும் ரீலும் நம் விராலுக்கும் பொருந்துகின்றன. இன்று அவை நம் நாட்டுக் கடைகளிலும் கிடைக்கின்றன. வாங்குவோர் விலையையும் பளபளப்பையும் பார்த்து வாங்குகின்றனரேயன்றி, அவற்றின் இயல்பை அறிந்து வாங்குவோர் குறைவு.

ரீல் என்று வழங்கும் நூலுருளை மேனாட்டாரே முதன்முதலில் கண்டது என்று எண்ணிவிடலாகாது. ஏறத்தாழ 1195 ஆம் ஆண்டில் மா யுவான் என்னும் சீன ஓவியர், குளிர்கால ஏரியில் தனித்த படகொன்றில் அமர்ந்து தூண்டில் இடும் ஒருவரை வரைந்தார். அக்கோலில் சிறு உருளை ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நமக்குக் கிடைத்துள்ள ரீல் ஓவியங்களுள் அதுவே மிகப் பழையது என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கடிகாரம் செய்யும் தொழிலினரான ஜார்ஜ் ஸ்னைடர் என்பவர், பல்சக்கரங்களை இணைத்து, கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் கண்டு பல சுற்றுச் சுழலுமாறு ரீல் செய்தார். 1905 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கம்பளி ஆலைத் தொழிலில் ஈடுபட்ட இல்லிங்வொர்த்து என்பவர் வேறொரு வழியைக் கண்டு காப்புரிமை பெற்றார். அவர் ரீலில் நூல் வீசப்படும்போது கண்டு சுழல்வதே இல்லை. நூல் மட்டும் கண்டின் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாக வெளியேறும். நம் நெசவாளர் இதனை உடனே விளங்கிக்கொள்வர். தறியில் ஓடும் நாடாவினுள் தார் அசையாமல் இருக்க, நூல் அதன் நுனி வழியே உருவிக்கொண்டு வருகிறதன்றோ? அதே முறைதான் இது.

நம் சென்னை மாகாணமும் இவ்வரலாற்றில் இடம்பெறாமல் இல்லை. இங்கு ஆட்சிப் பணியில் இருந்த எச். எஸ். தாமஸ் என்னும் ஆங்கிலேயர், இந்திய நாட்டில் கோல்கொண்டு மீன்பிடித்தலைப்பற்றி 1873 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நம் ஏரி குளத் தூண்டிலுக்கென்றே 1887 ஆம் ஆண்டில் மற்றொரு நூலும் எழுதினார். நம் ஏரிக்கரையில் நிகழும் இவ்வெளிய செயல் தனியே ஒரு நூல் எழுதத்தக்க பொருள் என்று அன்றே ஒருவர் கருதியது குறிப்பிடத்தக்கது.

இனிக் கோலைப்பற்றிக் காண்போம். கோலை ஆராயுமிடத்து இரண்டு இயல்புகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒன்று அதன் வலிமை. மற்றொன்று அது வளையும் முறை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவோர் பலர். எவ்வளவு சுமைக்குக் கோல் வளைகிறது என்பது வலிமை. எவ்விடத்தில் வளைகிறது என்பது வளைமுறை. சில கோல்கள் நுனிப்பகுதியில் மட்டும் வளைந்து, நடுப்பகுதி விறைத்து நிற்கும். இவற்றை விரைவுக்கோல் எனலாம். வேறு சில அடிவரை வில்லைப்போல் வளையும், இவை மென்கோல்கள். பாசியினிடையே விராலைத் தேடுவோர்க்கு ஏழடி நீளமும் மிக்க வலிமையும் உடைய விரைவுக்கோல் வேண்டும். விராலின் வாய் கடினமான எலும்பால் ஆனது. முள் அதில் பதிய வேண்டுமாயின் விசை சிதறாமல் செல்லவேண்டும். பாசியற்ற திறந்த நீரில் சிறு மீன்களைப் பிடிப்போர்க்கு அக்கோல் சற்றும் ஆகாது. மெல்லிய நூலை அஃது அறுத்துவிடும். மென்மையான வாயையும் கிழித்துவிடும். அவர்க்கு மென்கோலே ஏற்றது.

கோல் செய்யும் பொருள்களும் காலத்தோடு மாறிவந்துள்ளன. நம் மூங்கில் ஒரு காலத்தில் கல்கத்தாத் துறைமுகத்தினின்று கப்பலேறி மேனாடுகளுக்குச் சென்று, அங்கே சிம்பு சிம்பாகப் பிளந்து ஒட்டப்பெற்று விலையுயர்ந்த கோல்களாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப்பின் கண்ணாடியிழைக் கோல்கள் வந்தன. 1970 களில் கரியிழைக் கோல்கள் தோன்றின. கரியிழை கண்ணாடியிழையைக் காட்டிலும் எடை குறைந்தது; விறைப்பு மிகுந்தது; மீன் இரையைத் தொட்ட சிறு அதிர்வையும் கைக்கு உணர்த்துவது. ஆயின் கல்லில் மோதினால் வெளிக்குத் தெரியாத வடு ஏற்பட்டுப் பின்னொரு நாள் முறியும். கன்னிப் பயிற்சிக்குக் கண்ணாடியிழையே தக்கது என்பது என் கருத்து. அது பல அடிகளைப் பொறுத்துக்கொள்ளும்.

கரியிழைக்கு மற்றொரு தன்மை உண்டு. அஃது உயிரைப் பற்றியது. கரியிழை மின்சாரத்தைக் கடத்தும். விருத்தாசலம் பகுதியினர் பீங்கானைப்பற்றி நன்கு அறிவர். அகல் விளக்கும் பொம்மையும் செய்யும் அதே தொழிலில் மின்கம்பங்களுக்கான காப்புப் பீங்கானும் செய்யப்படுவது உண்டு. மின்சாரம் கம்பத்தில் இறங்காமல் தடுப்பது அப்பீங்கான். கரியிழைக் கோலோ அதற்கு நேர்மாறானது. நம் ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் மின்கம்பிகள் தாழச் செல்வதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அவற்றின்கீழ் கோலை நிமிர்த்திப் பிடித்து நடத்தலும், நின்று வீசுதலும் உயிருக்கே இடர் விளைக்கும். உயர் அழுத்தக் கம்பியாயின், கோல் அதனைத் தொடவேண்டும் என்பதும் இல்லை. நெருங்கினாலே மின்சாரம் பாயக்கூடும். இடிமழை வரும்பொழுதும் கோலைக் கீழே வைத்துவிட்டு நீரைவிட்டு விலகிவிடுதல் வேண்டும்.

கோலின் மேல் வரிசையாக அமைந்துள்ள வளையங்கள் வழியே நூல் ஓடுகிறது. பின்னல் நூல் பித்தளையைக்கூட நாளடைவில் அரம்போல் அறுத்துவிடும் ஆதலால், இக்காலத்து வளையங்களின் உட்புறத்தில் பீங்கான் இனத்தைச் சேர்ந்த கடினப் பொருள் பதிக்கப்பெறுகிறது. நெருப்பில் சுட்ட அலுமினிய ஆக்சைடும் சிலிக்கன் கார்பைடும் அவ்வகையின. சூளையில் வெந்த பொருளின் குணம் இதற்கும் உண்டு: தேயாது, ஆயின் அடிபட்டால் விரிசல் காணும். விரிசல் கண்ணுக்குப் புலப்படாமல் இருக்கலாம். சிறிது பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்தினுள்ளும் சுழற்றிப் பாருங்கள். பஞ்சிழை எங்கேனும் பற்றிக்கொண்டால் அங்கே விரிசல் உண்டு என்று அறியலாம். அவ்வளையத்தை மாற்றாமல் மீன் பிடிக்கச் சென்றால், புதிய நூலும் ஒரே நாளில் நைந்து போகும்.

கோல் நெம்புகோல் என்பதை இயற்பியல் பயிலும் மாணவர் எளிதில் உணர்வர். ஆனால் பாறையைப் புரட்டும் கடப்பாரையில் நமக்கு ஆதாயம். இங்கோ ஆதாயம் மீனுக்கே. ஏழடிக் கோலின் அடிமுனை முழங்கையருகே இருக்க, அதற்கு ஓரடி முன்னே கை பிடித்திருப்பதாகக் கொள்வோம். கோல் வளையாத கழியாக இருப்பின், ஆறடி தொலைவிலுள்ள நுனியை மீன் செங்கோணமாக 1 கிலோ விசையுடன் இழுக்கும்போது, அடிமுனையை நாம் 6 கிலோ விசையுடன் தாங்கவேண்டும். கோல் வளையுந்தோறும் நுனி நம்மை நோக்கி வருகிறது. நெம்புகோலின் நீளம் குறைகிறது. கையின் சுமையும் குறைகிறது. மீனின் திடீர்ப் பாய்ச்சலோ வளைவில் அடங்கிவிடுகிறது. இதனால் இரு தவறுகள் விளங்கும். கோலை மீனுக்கு நேராக நீட்டிப் பிடித்தால் வளைவே இராது. அதிர்ச்சி முழுவதும் நூலின்மேல் விழும். கோலைத் தலைக்குப் பின்னே சாய்த்துத் தூக்கினால் மெல்லிய நுனி மட்டும் மடங்கி முறியும். நிலத்துக்கு அரைச் செங்கோணத்தில் சற்று உயர்த்திப் பிடிப்பதே நடுவழி.

ரீல் வகைகளில் நாம் அறியவேண்டியவை இரண்டு. இல்லிங்வொர்த்து கண்ட வழியில் வந்தது நிலைக்கண்டு ரீல். அது கோலுக்குக் கீழே தொங்கும், பழகுவதற்கு எளிது, எடை குறைந்த இரையையும் வீச வல்லது. ஸ்னைடரின் வழியில் வந்தது சுழற்கண்டு ரீல். அது கோலின் மேலே அமரும். வீசும்போது கண்டே சுழலும். வலிய நூலையும் கனத்த இரையையும் தாங்கும். இரை காற்றில் வேகம் குறைந்த பின்னும் கண்டு முன்வேகத்திலேயே சுழலுமாயின், வெளியேற இடமில்லாத நூல் உள்ளேயே குவிந்து குருவிக்கூடு போலச் சிக்கிக்கொள்ளும். அதனைத் தடுப்பது கட்டைவிரல். இரை நீரைத் தொடுவதற்குச் சற்று முன்னர்க் கண்டின்மேல் விரலை மெல்ல அழுத்தவேண்டும். பக்கவாட்டுத் திருகை, இரை தன் எடையால் மெதுவாக இறங்குமாறும், தரையைத் தொட்டவுடன் கண்டு நின்றுவிடுமாறும் அமைத்துக்கொண்டு தொடங்குவது நலம். பட்டம் விடுவோர் இவ்விரல் நுட்பத்தை விரைவில் பெற்றுவிடுவர்.

ரீலின்மேல் பொறிக்கப்பட்ட 5:1, 7:1 என்னும் எண்களைக் கண்டு சிலர் மருளுகின்றனர். கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றினால் கண்டு எத்தனை சுற்றுச் சுற்றும் என்பதே அதன் பொருள். நூல் சுற்றிய கண்டின் விட்டம் 4 செ.மீ. எனின், அதன் சுற்றளவு ஏறத்தாழ 12.6 செ.மீ. 5:1 விகிதமுடைய ரீல் ஒரு சுற்றில் 63 செ.மீ. நூலை மீட்கும், 7:1 விகிதமுடையது 88 செ.மீ. மீட்கும். விரைவு கூடியதே சிறந்தது என்று முடிவு செய்துவிடலாகாது. விரைவு கூடக்கூட இழுக்கும் ஆற்றல் குறையும். மிதிவண்டியில் மேட்டின்மேல் ஏறிய எவரும் இதனை அறிவர். நூல் சுற்றும் அளவும் கருதத்தக்கது. நிலைக்கண்டில் விளிம்புக்கு 2 அல்லது 3 மி.மீ. கீழே நிற்குமாறு நூல் சுற்றவேண்டும். மேலும் நிரப்பினால் வளையங்கள் கூட்டமாக உதிரும். குறைத்தால் விளிம்பில் உராய்ந்து வீச்சுத் தூரம் குன்றும்.

நூலிலும் இருவகை உண்டு. நைலான் நரம்பு இழுத்தால் நீளும். அந்நீட்சி அதிர்ச்சியைத் தாங்கும். பின்னல் நூலோ ஏறத்தாழ நீள்வதே இல்லை. அதே தடிப்பில் பன்மடங்கு வலிமை உடையது. பாசித் தண்டுகளை அறுத்துக்கொண்டு வரும். ஆதலின் விராலுக்குப் பின்னல் நூலும், திறந்த நீருக்கு நைலானும் கொள்ளலாம். முடிச்சு இறுக்குமுன் நீரில் நனைத்தல் வேண்டும்; உலர்ந்த நைலான் உராய்வுச் சூட்டினால் வலிமை இழக்கும். ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நெருக்கும் வழக்கம் சிறுவரிடம் உண்டு. ஈயம் நஞ்சு என்பதால் அதற்குக் குறடு கொள்க. அறுந்த நைலானைக் கரையில் எறிந்துவிட்டு வருவது, அங்கு மேயும் கொக்குக்கும் நாரைக்கும் காலில் சுருக்கிடுவதற்கு ஒப்பாகும்.

ரீலின் உயிர்நிலை யாதெனின், அது தடைத்திருகு. மீன் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இழுக்குமாயின், கண்டு தானே வழுக்கி நூலை விட்டுக்கொடுக்குமாறு இத்திருகு செய்கிறது. மூங்கிற் கழியில் இல்லாது ரீலில் உள்ள சிறப்பு இதுவேயாகும். நூல் அறும் எடையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை தடை அமைதல் வேண்டும் என்பது பொது விதி. 10 கிலோ தாங்கும் நூலாயின், நுனியை வில் தராசில் கட்டிக் கோல் வளையுமாறு இழுத்து, ஏறத்தாழ இரண்டரை அல்லது மூன்று கிலோவில் நூல் வழுக்குமாறு திருகை அமைக்கலாம். முக்கால் பங்கை வீணே விடுவானேன் என்று கேட்கலாம். முடிச்சில் கொஞ்சம் வலிமை போகிறது. வளையங்களின் உராய்வு கொஞ்சம் தின்கிறது. மீன் துள்ளும் கணத்தில் விசை திடுமெனப் பெருகுகிறது. எஞ்சியிருப்பது அவ்வளவே. மீனொடு போராடும்போது திருகை இறுக்கத் தோன்றும் ஆசையை அடக்கவேண்டும். மீன் ஓடுங்கால் ஓடவிடுக. அது நின்றபின் கோலை மெல்ல உயர்த்துக. பின்னர்க் கோலைத் தாழ்த்திக்கொண்டே ரீலைச் சுற்றுக. இழுப்பது கோலின் வேலை. இழுத்ததைச் சேமிப்பதே ரீலின் வேலை. பாசிக்குள் இருக்கும் விராலுக்கு மட்டும் இவ்விதி சற்று மாறும். அங்கே விட்டுக்கொடுத்தால் அது தண்டுகளைச் சுற்றிக்கொள்ளும். ஆதலால் 20 கிலோ தாங்கும் நூலைக் கொண்டு, தடையையும் இறுக்கி, அதனை விரைவில் வெளியே கொணர்தல் வேண்டும்.

வீசும் பயிற்சியை நீர்நிலையில் தொடங்குதல் நன்றன்று. முள்ளில்லாத சிறு எடையொன்றைக் கட்டிக்கொண்டு, அறுவடையான வயலில் ஒரு முறத்தைக் குறியாக வைத்துப் பழகலாம். தோள் வலிமை இதற்கு வேண்டுவதில்லை. கோல் பின்னோக்கி வளைந்து நிமிரும் விசையே இரையை எடுத்துச் செல்லும். வீசுமுன் பின்னே திரும்பிப் பார்த்தல் என்றும் மறவாத வழக்கமாதல் வேண்டும். விராலுக்கு நம்மவர் உயிருள்ள தவளையை இரையாகக் கோப்பர். இக்காலத்தில் ரப்பர்த் தவளை உண்டு. அதன் முட்கள் மேல்நோக்கி முதுகோடு ஒட்டியிருப்பதால் ஆகாயத்தாமரையின் மேலும் சிக்காமல் தத்தி வரும். விரால் நீரைக் கிழித்துக்கொண்டு கவ்வும் ஓசை கேட்டவுடன் கோலைச் சுண்டுவோர் வெறுந் தவளையையே பெறுவர். ஒரு மூச்சு நேரம் பொறுத்து, நூலில் பாரம் தெரிந்தபின் சுண்டவேண்டும். கேட்க எளிது, செய்யப் பல நாள் ஆகும்.

இதே வெள்ளாறு விருத்தாசலம் வழிவரும் மணிமுத்தாற்றைக் கூடலையாத்தூரில் சேர்த்துக்கொண்டு, பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் உள்ளது. அக்கழிமுகம் போன்ற இடங்களில் வாழ்வது கொடுவா. ஆங்கிலத்தில் ஆசியக் கடற்பாஸ் என்று அதற்குப் பெயர். இளமையில் ஆணாக இருந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் விந்தை மீன் அது. ஆகவே மிகப் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் முட்டையிடும் தாய் மீன்களே. திட்டக்குடியில் விராலுக்குப் பயன்பட்ட கோலும் ரீலும் அங்கும் பயன்படும். ஆனால் இரண்டு மாற்றங்கள் வேண்டும். கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல் கூரியது. எனவே நூலின் நுனியில் தடித்த நைலான் முழம் ஒன்று இணைக்கவேண்டும். உப்பு நீர் ரீலின் உறுப்புகளை அரித்துவிடும். எனவே வீடு திரும்பியதும் நன்னீரால் மெல்லக் கழுவி, தடைத்திருகைத் தளர்த்தி உலரவிடுதல் வேண்டும். இறுக்கியபடியே வைத்தால் உள்ளிருக்கும் தட்டுகள் ஒட்டிக்கொண்டு, மறுமுறை மீன் ஓடுங்கால் வழுக்க மறுக்கும்.

ஏரி குளங்களில் மீன்பிடிக்கும் உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்படுவதாதலின், உரியவர் இசைவின்றித் தூண்டில் இடலாகாது. கோயில் குளங்களை விட்டுவிடுதல் நம் நாட்டு மரபு. இவற்றைவிடக் கருதத்தக்கது ஒன்று உண்டு. மழைக்காலத்தில் விரால் பாசியை விலக்கிச் சிறு இடத்தைத் துப்புரவாக்கி முட்டையிடும். முட்டைகள் மிதக்கும். குஞ்சுகள் பொரித்தபின் செந்நிறக் கூட்டமாக நீர்மட்டத்தில் ஒருங்கே எழுந்து எழுந்து மூச்சு வாங்கும். அவற்றின்கீழே பெற்றோர் காவல் நிற்கும். அக்கூட்டத்தின் மேல் தவளையை இழுத்தால் பெற்ற மீன் பாய்ந்து கவ்வும் என்பது தூண்டில்காரர் பலர் அறிந்த செய்தி. அது பசியால் கவ்வுவதில்லை. பகையை விரட்டவே கவ்வுகிறது. அமெரிக்கப் பாஸ் மீனிலும் ஆண் மீன் கூட்டைக் காக்கும். காவல் மீனை அகற்றிவிட்டால் அண்மையில் திரியும் சிறு மீன்கள் முட்டைகளையும் குஞ்சுகளையும் விரைந்து தின்றுவிடுகின்றன என்பதை அந்நாட்டு ஆய்வாளர் நேரில் கண்டுள்ளனர். ஒரு மீனைப் பிடித்தவர் ஒரு கூட்டையே அழித்தவர் ஆகிறார்.

எனவே நீர்மட்டத்தில் செந்நிறக் கூட்டம் துடிதுடித்து எழுவதைக் கண்டால், வீசிய நூலை மீட்டுக்கொண்டு கரையோரமாகத் தள்ளிச் செல்லவேண்டும். அறியாமல் காவல் மீன் சிக்கிவிடின், அதே இடத்தில், அந்தக் கணமே விடவேண்டும். முள்ளின் எதிர்முனையை முன்னரே குறட்டால் அமுக்கி வைத்திருப்பின் முள் எளிதில் கழலும். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பை எடுத்துவிடும். ஆதலால் கையை நனைத்துக்கொண்டு, வயிற்றை அழுத்தாமல், தலையின் பின்புறத்தையும் வாலடியையும் தாங்கி நீரில் அமிழ்த்திப் பிடிக்கவேண்டும். அது தானே வாலை அசைக்கும்வரை தள்ளிவிடலாகாது. விட்டபின் சிறிது நேரம் கரையில் நின்று நோக்கினால், செந்நிறக் கூட்டத்தருகே நீர் ஒருமுறை குமிழியிட்டு அடங்குவதைக் காணலாம்.